மஞ்சள் தண்ணீரில் குளித்த பிரேக்

மிதித்தவுடன் நின்றுவிடுகிற அற்ப குணமெல்லாம் எங்கள் வேனுக்குக் கிடையாது. முதலில் காது கொடுத்துக் கேட்கும். பிறகு யோசிக்கும். அதன் பிறகு, சரி, இவ்வளவு தூரம் சொல்கிறார்களே என்று, ஓய்வு பெறப்போகிற அதிகாரி கோப்பை நகர்த்துகிற நிதானத்தோடு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவசரப்படாத அந்தச் சுபாவத்தை நான் பல வருடங்களாக ரசித்துவந்தேன். ரசிக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. அதை ஓட்டுவது நான் அல்ல, என் மனைவி.

நான் ஓட்டக்கூடாது என்பது வீட்டில் தீர்ப்பாகிவிட்ட விஷயம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழி நெடுக இடப்பக்கம் மலை கூடவே வரும். மேகம் மலையிலிருந்து இறங்கினால் நான் ரோட்டிலிருந்து இறங்கிவிடுவேன். ஒருமுறை முன்சக்கரத்தோடு வாய்க்காலுக்குள்ளேயே இறங்கினேன். அன்றைக்குச் சாவி கைமாறியது. இனிமேல் மலையை நிம்மதியாகப் பார்க்கலாம் என்று நானும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன்.

அவளுக்கு அந்த வேன் தொழில். விடியுமுன் எழுந்து நாற்பது பேருக்குச் சமைப்பாள். சோறு, சாம்பார், ரசம், கூட்டு எல்லாவற்றையும் பெரிய பெரிய எவர்சில்வர் சட்டிகளில் அடைத்து, வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிய இடத்தில் ஏற்றி, மதியத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பாள். அங்கே கோர்ட்டுப் பக்கமும் ஆபீஸ் பக்கமும் அவள் கைச் சோற்றுக்காக நாற்பது வயிறு காத்திருக்கும். நான் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். எழுதுவேன்.

ஒரு வியாழக்கிழமை அவள் வீடு திரும்பி, என் மேஜைமேல் ஒரு வைக்கோல் தாளை வைத்தாள். ஒற்றைத் தாள். பொன் நிறம். நுனியில் ஒரு நெல்மணிகூட ஒட்டியிருந்தது.

"அழகா இருக்கு" என்றேன்.

"அழகாத்தான் இருக்கும். வைக்கோல் ஏத்திட்டுப் போன டிராக்டர் திடீர்னு நின்னுட்டான். நான் மிதிக்கேன், மிதிக்கேன், வண்டி போய்க்கிட்டே இருக்கு. கடைசில நின்னப்போ இது என் வைப்பர்ல சொருகியிருந்துச்சு. கண்ணாடிக்கும் அவன் வண்டிக்கும் நடுவுல இந்த ஒத்தத் தாள்தான். இதுக்கு ஒரு கவிதை எழுதுங்க."

நான் அந்த நெல்மணியை நகத்தால் நிமிண்டினேன். அவளே முடித்தாள்.

"திங்கக்கிழமைக்குள்ள பிரேக்கு சரியாகணும். இல்லேன்னா நான் இந்த வண்டியத் தொட மாட்டேன். நாப்பது பேருகிட்டயும் வேற இடத்துல சாப்ட்டுக்கிடச் சொல்லிருதேன். ஒரு நாள் வேற இடத்துல சாப்ட்டவுக மறுநாள் நம்மகிட்ட வருவாகன்னு நெனைக்காதீங்க."

வெள்ளிக்கிழமை முதல் மூன்று நாள் கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் லீவு. காலையிலேயே மெக்கானிக்கை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவர் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குவதுபோல் பிதுக்கினார்.

"பிரேக்குல ஒரு குத்தமும் இல்ல சார். இந்த வண்டிக்கு பிரேக்கே இம்புட்டுத்தான். ஆள் ஏத்துற வண்டிய நீங்க சட்டி ஏத்துற வண்டியாக்கிட்டீக. இதே கம்பெனியோட புது வேன்ல டிஸ்க்கு பெருசு, கேலிப்பரும் பெருசு. அதை எடுத்து இதுல மாட்டுனா கும்முனு நிக்கும். ஆனா எனக்கு நேரமில்ல. எஃப்சி சர்டிபிகேட்டுக்கு ஏழு ஸ்கூல் வேன் கடையில நிக்குது. பத்து நாள் ஆகும்."

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. கேலிப்பர் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கை. இந்த ஞானம் எனக்கு அன்று மத்தியானமே வந்துவிட்டது, செல்போனில். ஏதோ குளிர்தேசத்து ஆள் ஒருவர், கறை படாத கையுறை போட்டுக்கொண்டு, பின்னணியில் கிடார் ஒலிக்க, இருபது நிமிடத்தில் இதே வேலையை முடித்தார். கடைசியில் காபி குடித்தார். அந்தக் காபிதான் என்னை ஏமாற்றியது.

துணைக்கு மச்சானைக் கூப்பிட்டேன். மனைவியின் அண்ணன், மகாராஜபுரத்துக்காரர். பட்டாளத்தில் இருபது வருடம் லாரி ஓட்டியவர். பனிமலைச் சரிவில், பாதாளத்தின் விளிம்பில், பின்பக்கமாகவே வண்டி ஓட்டிய கதைகள் அவரிடம் நிறைய உண்டு. அவர் ஓட்டினாரே தவிர, எதையாவது கழற்றினாரா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"மாப்ள, இதுக்குப் போய் மெக்கானிக்கா? ஸ்பானரு இருக்குல்ல? பொறவு என்ன?"

ஸ்பானர் இருந்தது. பொறவு என்ன என்பதுதான் மீதிக் கதை.

ஊருக்கு வெளியே தென்காசி ரோட்டில் ஒரு காயலான்கடை. அடிபட்ட வண்டிகள் அங்கே வரிசையாக மூக்கு நசுங்கி உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் நொறுங்கிய புது வேன் ஒன்றின் முன்பக்கத்திலிருந்து இரண்டு டிஸ்க்குகளையும் இரண்டு கேலிப்பர்களையும், அவை உள்ளே கொள்ளும்படியான சக்கரங்களையும் கடைக்காரர் கழற்றிக் கொடுத்தார். எங்கள் பழைய டிஸ்க் காபித் தட்டு என்றால் இது தோசைக்கல். கொடுக்கும்போது கேலிப்பர்களின் முதுகில் சாக்பீஸால் ஒன்றில் 'வ' என்றும் மற்றொன்றில் 'இ' என்றும் எழுதினார்.

"வலது, இடது சார். பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். மாத்திப் போட்டுறாதீக. எழுத்த வச்சுப் பாத்துக்கிடுங்க."

என்னிடம்! எழுத்தை! முப்பது வருடமாக எழுத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் இரண்டே இரண்டு எழுத்தைத் தவறவிடுவேனா? ஒரு பெருமிதப் புன்னகையோடு சாக்கைத் தூக்கி மச்சானின் தோளில் வைத்தேன்.

வாசலில் மனைவி வழிமறித்தாள்.

"இது எந்த வண்டியோடது?"

"புது வேனுது. பின்னாடிதான் அடி. முன்னாடி ஒண்ணும் ஆகல" என்றார் மச்சான்.

"அடிபட்ட வண்டியா? உள்ள இருந்தவுகளுக்கு என்ன ஆச்சோ, யாரு கண்டா. அப்படியே உள்ள கொண்டு வராதீங்க. அங்கனயே வைங்க."

அடிபட்ட வண்டியின் இரும்பு நல்ல வண்டிக்குள் நுழைவதற்கு முன் குளித்துவிட்டு வர வேண்டும். இது எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இருக்காது, எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாளியில் மஞ்சள் கரைத்தாள். புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பது பேர் சாப்பிட்ட சட்டிகளைத் தினமும் பளபளக்க வைக்கும் கை அது. கால்மணி நேரத்தில் அந்த இரும்புகள் சீர்வரிசைப் பாத்திரங்கள்போல மின்னின. துடைத்து, வாழையிலையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள். எலுமிச்சையும் கற்பூரமும் வந்தன. மச்சான் விறைப்பாக நின்று கும்பிட்டார். சல்யூட் அடிக்காததுதான் பாக்கி.

நான் நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ந்தால் எனக்குக் கை நோட்டைத் தேடும். 'நிறுத்தத் தெரிந்த இரும்பு பொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறது' என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறதே என்று இன்னொரு முறையும் படித்துப் பார்த்தேன். நான் அந்த வரியைச் செதுக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் 'வ'வும் 'இ'யும் மஞ்சள் தண்ணீரோடு முருங்கை மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தன.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. மிக்ஸி வந்தபின் வேலையிழந்த அம்மிக்கல்லைப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தோம். ஜாக்கி வைத்துத் தூக்கினோம். பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டைநாய் வந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. முன்னோர்கள் பன்றியைத் துரத்தியவர்களாம். அந்தக் கௌரவம் அதற்கு.

பழைய போல்ட்டுகள் வரமாட்டோம் என்றன. மண்ணெண்ணெய் ஊற்றினோம். சுத்தியலால் தட்டினோம். கடைசியில் எல்லையில் நின்ற வீரர் ஸ்பானரின்மேல் ஏறி நின்று குதித்தார். மூன்றாவது குதியில் போல்ட் இளகியது, மச்சான் செம்பருத்திச் செடிக்குள் போனார். குளிர்தேசத்து வீடியோவில் இந்தக் கட்டம் இல்லை.

பழசைக் கழற்றி, புது டிஸ்க்குகளை மாட்டியபின் கேலிப்பர்களைக் கையில் எடுத்தேன். எழுத்தைத் தேடினேன். இரண்டு முதுகிலும் சந்தனம், இரண்டு நெற்றியிலும் குங்குமம். இரட்டைப் பிள்ளைகள்.

"மச்சான், எது வலது?"

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. எப்படிப் போட்டாலும் உக்காரும்."

"கடைக்காரர் மாத்திப் போட்டுறாதீகன்னாரே?"

"அவரு யாவாரி. நான் பட்டாளம்."

வாதத்தின் வலிமையில் நான் அடங்கிவிட்டேன். கையில் கிடைத்ததைக் கிடைத்த பக்கத்தில் வைத்தோம். உட்கார்ந்தது. போல்ட்டுகள் முனகாமல் ஏறின. எண்ணெய் கொண்டுவரும் ரப்பர்க் குழாய் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. ரப்பர் அப்படித்தான் முறுக்கும் என்று இரண்டு பெரிய மனிதர்களும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

இனிக் காற்று எடுக்க வேண்டும். பிரேக் குழாயில் எண்ணெய் மட்டும்தான் இருக்க வேண்டும். வேலை பார்க்கும்போது உள்ளே காற்று புகுந்துவிடும். அது இருந்தால் மிதிக்கிற கால் காற்றைத்தான் நசுக்கும், சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றும். அதனால் ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கேலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறக்க, காற்று எண்ணெயோடு சேர்ந்து வெளியே வரும். மிதிக்கும் கால் என் மனைவியுடையது. திறக்கும் கை மச்சானுடையது. வழியும் எண்ணெயை நன்னாரி சர்பத் பாட்டிலில் ஏந்தும் பதவி எனக்கு.

"மிதி!"

"மிதிச்சுட்டேன்."

"பிடி!"

"பிடிச்சிருக்கேன்."

"விடு!"

இப்படிச் சனிக்கிழமை மத்தியானம் முழுக்க. அணிவகுப்பு மைதானத்தில்கூட இத்தனை கட்டளை கேட்டிருக்காது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எண்ணெய் வந்தது. கொஞ்சம் என் சட்டையில் வந்தது. கொஞ்சம் வேனின் கதவில் தெறித்து, தெறித்த இடத்தில் பெயின்ட்டை உரித்தது. பெடல் மட்டும் மாறவே இல்லை.

"எப்படி இருக்கு?"

"இட்லி மாவுக்குள்ள கால வச்ச மாதிரி இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாய்க்காரரின் மனைவி எட்டிப் பார்த்தார். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்களிடம் தமிழ்தான் பேசுவார், கேலி செய்யும்போது தவிர.

"ஆகுதுந்தா?" என்றார். வண்டி நிற்குமா என்று அர்த்தம்.

"நல்லா நிக்கும். ரெண்டு நாளா இதே இடத்துலதான நிக்கி" என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலையும் அதே மிதி, பிடி, விடு. மச்சான் காரணங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முதலில் எண்ணெய் மட்டமானது என்றார். வேறு எண்ணெய் வந்தது. பிறகு மேலே இருந்து எண்ணெயைத் தள்ளும் சிலிண்டர் போய்விட்டது என்றார். அது நேற்றுவரை நன்றாக இருந்ததே என்றேன். கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்துவிட்டு, ஒரு மனிதன் சொல்லவே கூடாத மூன்றாவது காரணத்தையும் சொன்னார்.

"தங்கச்சிக்கு மிதிக்கத் தெரியல மாப்ள. பொம்பளக் காலு, அழுத்தம் பத்தாது."

வேனின் ஜன்னல் வழியாக அவள் தலை வெளியே வந்தது. நான் சர்பத் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"ஏண்ணே, வருசக்கணக்கா இந்த வண்டிய இந்தக் காலாலதான் மிதிச்சு உசுரோட வீடு வந்து சேருதேன். அழுத்தம் பத்தலேன்னா நீ போன மாசமே மாலை வாங்கிட்டு வந்திருக்கணும்."

மச்சான் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மத்தியானம் ஆயிற்று. திங்கட்கிழமைக்கு வேண்டிய காய்கறி வாங்காமல் கிடந்தது. வாங்குவதா வேண்டாமா என்பது இந்தப் பெடலைப் பொறுத்தது. அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே செல்போனை எடுத்து, சாப்பாட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தட்டச்சு செய்தாள். எனக்குக் காட்டினாள். 'நாளை முதல் சாப்பாடு வராது. மன்னிக்கவும்.' அனுப்பவில்லை. கட்டைவிரல் அம்புக்குறிக்கு மேலேயே நின்றது.

முப்பது வருடத்தில் நான் எழுதிய எந்த வரியையும் இந்த இரண்டு வரி அளவுக்குத் திரும்பத் திரும்பப் படித்ததில்லை. விறகடுப்பில் ஐந்து பேருக்குச் சமைத்து ஆரம்பித்தவள். பஸ்ஸில் தூக்குச்சட்டி சுமந்தவள். இப்போது ஒரு கவிஞனும் ஒரு பட்டாளத்துக்காரனும் சேர்ந்து அந்தத் தொழிலை ஒரு வார இறுதியில் முடித்துவைக்கப் போகிறோம்.

"கால் மரத்துப்போச்சு" என்று கீழே இறங்கினாள். காலை உதறிக்கொண்டே சக்கரத்தின் அருகில் வந்து குந்தினாள். இரண்டு நாளில் இப்போதுதான் அவள் நாங்கள் செய்வதைப் பார்க்கிறாள். மிதிக்கிறவளுக்குப் பார்க்க எங்கே நேரம் கொடுத்தோம்?

"இதுல எதைத் திறக்கீக?"

மச்சான் விரலால் காட்டினார். "இந்தா, இந்த நிப்பிள."

"இது அடியிலல்ல இருக்கு?"

"ஆமா, அடியிலதான் இருக்கு."

"காத்து அடியிலயாண்ணே இருக்கும்?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் நிப்பிளைப் பார்த்தார்.

"பாயசம் கொதிக்கையில காத்து முட்டை முட்டையா மேலதான வருது? அடிக்கா போவுது?"

"ஏட்டி, அது அடுப்பு. இது பிரேக்கு."

"அது காத்துக்குத் தெரியுமா?"

நாய்கூடத் தலையைத் திருப்பியது என்று எழுத ஆசை. அது தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அந்த நிமிடத்தில் எல்லாம் வரிசையாக விளங்கியது. நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே இருக்கிறது என்றால் கேலிப்பர் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது என்றால் அது இந்தப் பக்கத்து ஆள் இல்லை. முறுக்கிக்கொண்ட ரப்பர்க் குழாய் முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"அதுல வ, இ-ன்னு எழுதியிருந்துச்சே" என்றேன்.

"எழுத்தா? ஏதோ சாக்பீஸ் கிறுக்கல்னு நெனச்சு நான்தான் தேச்சுக் கழுவினேன்." சட்டென்று நிறுத்தினாள். தப்பில் தனக்கும் பங்கு வந்துவிட்டது தெரிந்த முகம். அது அதிக நேரம் நீடிக்கவில்லை. "நீங்க எதுத்தாப்புலதான இருந்தீக? சொல்ல வேண்டியதுதான? நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டு இருந்தீகளே, என்ன அது?"

என்ன எழுதினேன் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டையும் கழற்றி இடம் மாற்றினோம். இந்த முறை மச்சான் ஸ்பானர்மேல் ஏறவில்லை. ரப்பர்க் குழாய்கள் முறுக்கில்லாமல் நேராக நின்றன. நிப்பிள்கள் மேலே பார்த்தன. அவள் ஏறி உட்கார்ந்தாள். கட்டளையிட யாருக்கும் துணிவில்லாததால் அவளே சொல்லிக்கொண்டாள்.

"மிதிக்கேன். பிடிச்சிருக்கேன். தொறங்க."

சர்பத் பாட்டிலில் சோடாபோலக் குமிழ் பொங்கியது. இரண்டு நாளாக மேலே முடங்கிக் கிடந்த காற்று, கதவு திறந்த பள்ளிக்கூடம்போல வெளியேறியது. இரண்டாவது தரம் குறைந்தது. ஏழெட்டுத் தரத்துக்குப் பின் வெறும் எண்ணெய் மட்டும் வந்தது. அடுத்த சக்கரத்திலும் அப்படியே.

"இப்ப எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு" என்றாள். அவள் சமையலைப் பற்றி யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது.

புதுச் சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினோம். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சைகளை மச்சான் வைத்தார். அம்மிக்கல்லை எடுத்தோம். அவள் வண்டியைக் கிளப்பி, மில் சுவரை ஒட்டிய ஆளில்லாத ரோட்டுக்கு விட்டாள். நானும் மச்சானும் பின்னால், சட்டிகள் உட்காரும் இடத்தில், சட்டிகளைப்போலவே உட்கார்ந்திருந்தோம். முதலில் மெதுவாக ஓட்டி, லேசாக மிதித்து மிதித்துப் பார்த்தாள். டிஸ்க்கில் மிச்சமிருந்த சந்தனம் சூடாகி, வண்டி கோயில் மாதிரி மணத்தது. பிறகு வேகமெடுத்தாள். மிதிக்கப்போகிறேன் என்று சொல்லவில்லை.

வண்டி யோசிக்கவில்லை. நின்றது. மச்சானின் நெற்றி முன்சீட்டில் மோதியது. என் கண்ணாடி பறந்து அவள் மடியில் விழுந்தது. கண்ணாடியை எடுத்துத் திரும்பாமலேயே பின்னால் நீட்டினாள். பிறகு செல்போனை எடுத்தாள். அந்த இரண்டு வரியையும் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். எழுத்தை அழிப்பதில் அவளுக்கு இணை கிடையாது. பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நோட்டை எடுக்கவில்லை.

"காய் வாங்கணும். மார்க்கெட் மூடுறதுக்குள்ள போகணும், இறங்குங்க ரெண்டு பேரும்."

அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விட்டாள். வீடு வரைக்கும் நடந்தோம். வழி முழுக்க மச்சான், பட்டாளத்தில் நிப்பிள் எப்போதும் மேலேதான் இருக்கும் என்று விளக்கிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை அவள் கிளம்பியதிலிருந்து நான் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தேன். மலையில் மேகம் இறங்கியது. பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"வந்து சேந்துட்டேன். பாதி ரசத்தக் காணோம்."

"என்ன ஆச்சு?"

"அதே வைக்கோல் டிராக்டர்தான். அதே இடம். அதே மாதிரி திடீர்னு நின்னான். மிதிச்சேன். நின்னுருச்சு. ரசம் நிக்கல, சட்டியோட முன்னாடி வந்துருச்சு. முதுகெல்லாம் மிளகு."

"டிராக்டருக்கும் நமக்கும் எம்புட்டு தூரம் இருந்துச்சு?"

பின்னால் தட்டுகளின் சத்தமும், ரசம் எங்கேம்மா என்று யாரோ கேட்கும் சத்தமும் வந்தன.

"ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்" என்றாள். "இந்தாங்க, ரசச் சட்டி மூடிக்கு ஒரு கொக்கி வேணும். வீடியோ பாத்து நீங்க செய்யாதீங்க. அண்ணனையும் கூப்பிடாதீங்க. கடைக்குப் போய் வாங்கிட்டு வாங்க."

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.